சந்தனம் வைத்த பொத்தான்

புதிதாக நம் வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளே, எடுத்த எடுப்பில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறேன். ஒரு மின்சாரப் போர்டு. அதன்மேல் கமகமவென்று சந்தனம், நடுவில் குங்குமம், பக்கத்தில் செவ்வந்திச் சரம். நீங்கள் அமுக்கிப் பார்த்தே ஆக வேண்டிய ஒரு பொத்தான் அந்தச் சந்தனத்துக்கு அடியில் இருக்கிறது. நாளோ ஆயுத பூஜை. இடத்தின் சொந்தக்காரர் மாலை போட்டு விரதம் இருப்பவர். சுற்றி நிற்கிற அத்தனை பேரும் உங்கள் கையையே பார்க்கிறார்கள். நீங்களோ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற பாளையங்கோட்டைக்காரி. என்ன செய்வீர்கள்?

இந்தக் கேள்வி எந்தப் பரீட்சையிலும் வராது. எனக்கு வேலையில் வந்தது. அன்றைக்கு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. அதனால் கொஞ்சம் வேகமாகச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். மின்சார வேலை எடுத்துச் செய்கிற ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாடும் பாதுகாப்பும் என் பொறுப்பு. வேலை முடிந்த இடத்துக்குப் போய்ச் சரியாக இருக்கிறதா என்று சோதித்து, இருந்தால் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் சண்டை போட வேண்டும். நான் போட்டதில் கையெழுத்தைவிடச் சண்டைதான் அதிகம். என் குணமும் அதற்குத் தோதானது. இன்னொன்று, பணிக்காலம் முழுக்க என்னை யாரும் பெயர் சொல்லியோ 'மேடம்' என்றோ கூப்பிட்டதில்லை. குடையும் தோள்பையுமாகப் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு பொம்பளை வந்து இறங்கினால் அவள் டீச்சராகத்தான் இருக்க வேண்டும் என்று இந்தச் சீமையில் ஒரு முடிவு. டீச்சர் இல்லை என்று எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்தேன். 'சரி டீச்சர்' என்றார்கள். அதோடு விட்டுவிட்டேன்.

திசையன்விளைப் பக்கம், செம்மண் காட்டுக்கு நடுவே ஒரு கல்யாண மண்டபம். அதற்கு நாங்கள் ஏசி வயரிங் செய்திருந்தோம். மண்டபத்துக்காரர் நல்ல மனுஷர், பெரிய வியாபாரி, ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். அவர் போனில் கூப்பிட்டார்.

"ஆயுத பூஜையன்னிக்கு நல்ல நேரத்துல ஏசி ஸ்விட்ச்ச போடணும் டீச்சர். ஆனா நீங்க வந்து பாத்து, சரின்னு சொல்லாம போட மாட்டேன். நமக்கு எல்லாம் முறைப்படி நடக்கணும்."

இப்படிச் சொல்கிற ஒரு வாடிக்கையாளர் கிடைக்க நாம் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அன்றைக்கு விடுமுறை, வீட்டில் கறி வாங்கி வைத்திருந்தேன். அதைத் தங்கச்சி தலையில் கட்டிவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

ஏசி வேலையில் ஒரு குறை இல்லை. எங்கள் சூப்பர்வைசர் இசக்கி அப்படிச் செய்து வைத்திருந்தார். மூலை முடுக்கெல்லாம் தேடினேன். சண்டை போட ஒன்றும் அகப்படாததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. பேனாவைத் திறந்துவிட்டேன். வெயில் மண்டையைப் பிளந்ததால், ஒரு வாய் மோர் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம் என்று அடுக்களைப் பக்கம் போனேன். அந்த மோர் மட்டும் குடிக்கப் போகாமல் இருந்திருந்தால் என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

அடுக்களையில் ஒரே ரகளை. குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டவர்கள் காளி, ராஜா, போலீஸ், குரங்கு என்று வேஷம் கட்டிக்கொண்டு, குழுக் குழுவாக மேளத்தோடு ஊர் ஊராகக் காணிக்கை வாங்கப் போவார்கள். விரதம் என்பதால் அவர்களில் பலருக்கு ஒரு நாளைக்கு ஒரு நேரச் சாப்பாடுதான். அன்றைக்கு அந்த ஒரு நேரத்தைத் தன் மண்டபத்தில் போடுவதாக அண்ணாச்சி வேண்டியிருந்தார். பெரிய பெரிய கிரைண்டர்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. தரையெல்லாம் தண்ணீர். சமையல்காரப் பெண்கள் அத்தனை பேரும் வெறுங்கால்.

அடுக்களைக்குத் தலைவி பேச்சியம்மாள். ஒரு கையால் கிரைண்டரில் உளுந்து மாவை வழித்துக்கொண்டே, மறு கையால் எனக்கு மோரை நீட்டினாள். நீட்டிவிட்டுத் திரும்பி கிரைண்டரைத் தொட்டவள், வெடுக்கென்று கையை எடுத்து உதறினாள்.

"என்னம்மா, கைய உதறுதீய?"

"ஒண்ணுமில்ல டீச்சர், இவன் கடிப்பான்."

"எவன்?"

"இந்தக் கிரைண்டருதான். மத்தவனெல்லாம் சும்மா கெடப்பான், இவன் மட்டும் லேசா சுள்ளுன்னு கடிப்பான். எப்பவும் ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு நிப்போமா, ஒண்ணும் தெரியாது. இப்பம் மாலை போட்டிருக்கோம்லா, செருப்பு கெடையாது. அதான் கொஞ்சம் கூடக் கடிக்கான்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். சேட்டை பண்ணுகிற பிள்ளையைப் பற்றிச் சொல்கிற மாதிரி, ஒரு செல்லத்தோடு சொன்னாள். நான் மோரைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டேன்.

பிள்ளைகளே, உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் அவள் சொன்னதை இன்னொரு தரம் யோசித்துப் பாருங்கள். கிரைண்டரின் உடம்புக்கு மின்சாரம் கசிகிறது. இத்தனை நாளும் அந்தப் பெண்ணின் உயிரைப் பிடித்து வைத்திருந்தது காலில் கிடந்த ரப்பர் செருப்பு. விரதம் வந்தது, செருப்பு போனது. கீழே தண்ணீர். இந்த ஆபத்தை எந்தப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்? நம் ஊரில், நம் மாதத்தில், நம் வழக்கத்தில் மட்டும் வருகிற ஆபத்து இது.

குனிந்து பிளக்கைப் பார்த்தேன். கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் அனுப்புகிற, மேலே இருக்க வேண்டிய பெரிய எர்த் பின்னைக் காணோம். ஒடித்திருந்தார்கள். மண்டபத்து எலக்ட்ரீஷியன் சுடலை ஓடி வந்தார்.

"அது ரெண்டு ஓட்ட சாக்கெட்டுல போவல டீச்சர், அதான் நானே ஒடிச்சி விட்டேன். நீங்க பயப்படாதீய. ட்ரிப்பர் இருக்குலா, அது பாத்துக்கிடும்."

ட்ரிப்பர் என்று அவர் சொன்னது, மின்சாரம் வழி தவறி ஆள் உடம்பு வழியாகப் போனால் கண்ணிமைக்கிற நேரத்தில் எல்லாவற்றையும் அணைத்துவிடுகிற அந்தச் சின்னப் பெட்டியைத்தான். அது உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அதிலேயே ஒரு பொத்தான் இருக்கும். அமுக்கினால் டப்பென்று விழ வேண்டும். விழுந்தால் நலமாக இருக்கிறது என்று அர்த்தம். இவ்வளவுதான் சோதனை, சின்னக் குழந்தைகூடச் செய்யும்.

"கடைசியா எப்பம் அமுக்கிப் பாத்தீய சுடலை?"

அவர் தலையைச் சொறிந்தார். நான் அடுக்களைக்கு வெளியே, சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் இருந்த போர்டுக்குப் போனேன். அங்கேதான் அந்தச் சந்தனம். அன்று காலையில் வைத்த புதுப் பொட்டு. அதற்கு அடியில் போன வருஷத்துப் பொட்டு, அதற்கும் அடியில் அதற்கு முந்தினது. வருஷா வருஷம் பொட்டின்மேல் பொட்டு வைத்து, பொத்தான் இருந்த இடம் காய்ந்து மேடாகிக் கிடந்தது. பொட்டு வைத்த இடம் சாமி இடம். அதில் யார் விரலை வைத்து அமுக்குவார்கள்? வருஷக்கணக்காக ஒருவரும் அமுக்கவில்லை.

இசக்கி என்னைப் பைய ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"டீச்சர், அடுக்களை நம்ம வேலையே கெடையாது. யாரோ எப்பமோ செஞ்சது. நம்ம காகிதத்துல ஏசி மட்டுந்தான் இருக்கு. கையெழுத்தப் போடுங்க, வீட்டுக்குப் போவோம். அதுவும் போக, நீங்க வேதக்காரவிய. இன்னிக்குப் போய் அந்தப் பொட்டுல கை வச்சீயன்னா என்ன ஆகும்னு யோசிச்சீயளா?"

எங்கள் ஊரில் கிறிஸ்தவர்களை வேதக்காரர்கள் என்பார்கள். அவர் சொன்ன இரண்டும் சரி. சரியாக இருந்ததுதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. காகிதப்படி அடுக்களை என் எல்லை இல்லை. மனுஷர்கள் கூடி நிற்கிற இடத்தில் என் மதமும் ஒரு விஷயம்தான், இல்லை என்று நடிக்க நான் தயாராக இல்லை. ஆனால் பேச்சியம்மாள் மறுபடியும் அந்தக் கிரைண்டர் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீரில் சளக் சளக்கென்று நடந்து, கையை நீட்டினாள்.

நான் ஒன்றும் யோசிக்கவில்லை. அடுக்களை மெயினை இறக்கிவிட்டேன்.

ஐயோ, அப்புறம் கிளம்பிய சத்தத்தைக் கேட்க வேண்டுமே! கிரைண்டர்கள் உறுமி நின்றன, புகை இழுக்கிற காற்றாடி நின்றது, விளக்கு போனது. உள்ளேயிருந்து ஆளாளுக்குக் கூச்சல். சிவப்பு வேட்டியும் கழுத்தில் மாலையுமாக அண்ணாச்சி விறுவிறுவென்று வந்தார்.

"யாரு வே கரண்ட நிப்பாட்டுனது?"

"நான்தான் அண்ணாச்சி."

"நீங்களா? ஏசியப் பாக்க வந்த ஆளு அடுக்களையில என்ன பண்ணுதீய? குழுக்காரவிய மத்தியானம் வந்து நிப்பாவ. அவியளுக்கு நாளுக்கு ஒரு நேரந்தான் சாப்பாடு. வாசல் வரைக்கும் வந்தவன பட்டினியாத் திருப்பி அனுப்பச் சொல்லுதீயளா?"

என் நாக்கின் நுனியில் ஒரு வாக்கியம் நின்றது. 'ஆள் செத்தால் சாப்பாடு யார் போடுவது' என்று கேட்டிருப்பேன். கேட்டிருந்தால் அங்கேயே காரியம் கெட்டிருக்கும். ஆயுத பூஜையன்று, விரத வீட்டில், சாவு என்கிற சொல்லை எடுத்தால் எல்லோருக்கும் அந்தச் சொல்தான் காதில் விழும், அதற்குப் பின்னால் நான் சொல்கிற எதுவும் விழாது. என் வாழ்க்கையில் கோபத்தை விழுங்கியது மிகச் சில தடவைதான். அதில் ஒன்று அது.

"அண்ணாச்சி, ஒரே ஒரு பொத்தான அமுக்கிப் பாக்கணும். அது வேலை செஞ்சா, நான் எல்லாரிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிருதேன்."

"அமுக்க வேண்டியதுதான. யாரு வேண்டாம்னா?"

"அது பொட்டுக்கு அடியில இருக்கு."

அண்ணாச்சி போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வச்ச பொட்ட அழிக்கச் சொல்லுதீயளா டீச்சர்? இன்னிக்கா?"

பின்னால் யாரோ, "வேதக்கார அம்மாவுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது" என்றார்கள். மெதுவாகச் சொன்னதாக அவர்களுக்கு நினைப்பு. எனக்குக் கேட்டது. முகம் சுண்டிப்போனது, கண் கரித்தது, உண்மையைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு ஆயுத பூஜைப் பொரி கடலையைத் தின்று வளர்ந்தவள் நான். இருந்தாலும் அந்த நேரத்தில் நான் வெளி ஆள்தான்.

"அண்ணாச்சி, நான் அதத் தொட மாட்டேன். உங்க சாமி காரியம், நீங்க முடிவு பண்ணுங்க. ஆனா அத அமுக்கிப் பாக்காம இந்த அடுக்களைக்குக் கரண்ட் குடுக்க விட மாட்டேன். போர்டுக்கு முன்னால இப்படியே நிப்பேன்."

நின்றேன். குடையை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் அண்ணாச்சி வீட்டம்மா பூஜைத் தட்டோடு வந்தார்கள். பகவதி என்று பெயர். வேலையாட்கள் எல்லோரும் மதினி என்றுதான் கூப்பிடுவார்கள். கூட்டத்தைப் பார்த்துவிட்டு, என்ன ஏது என்று விசாரித்தார்கள். நான் மறுபடியும் சொன்னேன். அவர்கள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே சுடலையிடம் திரும்பினார்கள்.

"ஏலே சுடலை, பழைய பொட்டத் தொடச்சிட்டா புதுசு வச்சே?"

"இல்ல மதினி, அதுமேலயே வச்சிட்டேன்."

"அங்கனதான் தப்பு பண்ணிருக்கே. கோயில்ல அம்மனுக்கே நேத்து சாத்துன சந்தனத்தக் காலையில களைஞ்சிட்டுத்தாம்லே புதுசு சாத்துதாவ. நீ என்னன்னா வருசக்கணக்கா அழுக்குமேல பொட்டு வச்சிட்டு வந்திருக்கே. இது எந்த ஊரு பக்தி?"

சுடலை நெளிந்தார். அண்ணாச்சியின் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. எனக்கு மதினியைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அறிவியல் தெரிந்த நான் அரை மணி நேரம் மல்லுக்கட்டி அசைக்க முடியாததை, சாமி தெரிந்த அம்மா ஒரு வாக்கியத்தில் அசைத்துவிட்டார்கள். அதோடு நிற்காமல், தட்டைச் சுடலை கையில் கொடுத்துவிட்டு, பக்கத்து வாளியில் ஒரு துணியை முக்கிப் பிழிந்துகொண்டு போர்டைத் துடைக்க வந்தார்கள்.

"ஈரத்துணியா! மதினி, நில்லுங்க!"

நான் போட்ட கத்தலில் அவர்கள் துணியைக் கீழே போட்டுவிட்டார்கள். பிறகு அண்ணாச்சி 'பக்'கென்று சிரித்தார். அவர் சிரித்ததும் கூட்டமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மொத்த போர்டுக்கும் வருகிற மின்சாரத்தை நிறுத்திவிட்டு, காய்ந்த துணியும் ஒரு மூங்கில் குச்சியும் கொடுத்தேன். மதினி பொறுமையாகச் சுரண்டினார்கள். சந்தனம் சில்லு சில்லாகப் பெயர்ந்தது. ஒரு சில்லையும் தரையில் விழ விடாமல் தட்டில் ஏந்திக்கொண்டார்கள். கடைசியில் அந்தச் சின்னப் பொத்தான் வெளியே வந்தது. கிரைண்டர்களின் பிளக்கை எல்லாம் பிடுங்கச் சொல்லி, போர்டுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தேன்.

"அண்ணாச்சி, நீங்களே அமுக்குங்க."

அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அழுத்தி அமுக்கினார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"என்ன டீச்சர், சத்தத்தையே காணும்?"

"டப்புன்னு விழணும் அண்ணாச்சி. விழலன்னா அதுக்கு உயிர் இல்ல."

சந்தனத் தண்ணீர் உள்ளே இறங்கி இறுகிவிட்டதா, இல்லை வயதாகித் தானாகச் செத்ததா, எனக்குத் தெரியாது. எப்போது செத்தது என்பதும் ஒருவருக்கும் தெரியாது. மாதத்துக்கு ஒரு தரம் யாராவது அமுக்கியிருந்தால் தெரிந்திருக்கும். இத்தனை கல்யாணம், இத்தனை பந்தி, இத்தனை பெண்கள் தண்ணீரில் நின்று வேலை பார்த்தது எல்லாம் ஒரு செத்த பெட்டியை நம்பித்தான். 'ட்ரிப்பர் பாத்துக்கிடும்' என்று சொன்ன சுடலை சுவரோடு சாய்ந்துவிட்டார். அவருடைய அண்ணன் மகளும் அந்த அடுக்களையில்தான் வேலை செய்தாள் என்று பிறகு தெரிந்தது.

வீட்டுக்குப் போவோம் என்று சொன்ன இசக்கி என்ன செய்தார் தெரியுமா? நான் வாயைத் திறப்பதற்குள், பின்பக்கம் இருந்த எங்கள் சாமான் அறைக்கு ஓடி, ஒரு புது ட்ரிப்பரோடும், மூன்று ஓட்டை சாக்கெட், பிளக்குகளோடும் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"ஏசி வேலைக்கு வாங்குன ஸ்பேர் டீச்சர். ஆபீஸ்ல கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்."

"சொல்லுதேன் வே. நீரு மாட்டும்."

மாட்டினார். மின்சாரம் கொடுத்தோம். அண்ணாச்சி விரலை வைத்தார். டப்! விளக்கு போனது. "விழுந்துட்டு லே!" என்று அண்ணாச்சி போட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். பட்டாசு வெடித்த பிள்ளை மாதிரி கையைத் தட்டினார். மேலே தூக்கிவிட்டு இன்னொரு தரம் அமுக்கினார். டப்! எனக்கும் அந்தச் சத்தம் எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காது.

ஒவ்வொரு கிரைண்டராகச் சோதித்தோம். கடிக்கிறவனின் உடம்பில் டெஸ்டரை வைத்ததும் பளிச்சென்று எரிந்தது. மற்றவற்றுக்கு இசக்கி புது பிளக் மாட்டினார். கடிக்கிறவனின் பிளக்கை வெட்டி எறியும்படி சுடலையிடம் சொன்னேன். அதற்குள் ரோட்டில் மேளச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. குழுக்காரர்கள் வந்துவிட்டார்கள்!

அடுப்பெல்லாம் பற்றிக்கொண்டது. மாவு ஓடியது, எண்ணெய் காய்ந்தது, வடை விழுந்தது. கூடத்தில் பெரிய கிரீடமும் அட்டைக் கைகளுமாக ஒரு காளி, பக்கத்தில் ஒரு ராஜா, ஒரு போலீஸ், இரண்டு குரங்கு என்று எல்லோரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். சாப்பாடு கொஞ்சம் தாமதம்தான். ஆனால் யாரும் பட்டினியாகத் திரும்பவில்லை. அண்ணாச்சி தானே சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் போர்டுக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

டப்.

என் காதுக்குப் பக்கத்தில், சுவரில். யாரும் அமுக்கவில்லை. அடுக்களை விளக்கு அணைந்தது. "கரண்டு போயிட்டு!" என்று உள்ளேயிருந்து குரல். மின்சாரம் போகவில்லை, கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. நான் ஓடினேன். அந்தத் தண்ணீரில் வழுக்கி, கதவைப் பிடித்து, எப்படி உள்ளே போனேன் என்று தெரியவில்லை.

பேச்சியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். வலது கை மணிக்கட்டு வரை மாவுக்குள், இடது கை கிரைண்டரின் விளிம்பில். வெறுங்கால் தண்ணீருக்குள்.

"பேச்சியம்மா!"

"என்ன டீச்சர், இப்பிடிக் கத்துதீய?"

"உனக்கு... கையில... ஏதும் பிடிச்சிச்சா?"

"ஒரு சொடுக்கு சொடுக்குச்சி. என்னன்னு பாக்கதுக்குள்ள கரண்டு போயிட்டே."

சொல்லிக்கொண்டே குனிந்து பார்த்தாள். அது அவன்தான். கடிக்கிறவன். பிளக்கை வெட்ட மனசு வராமல், சுடலை அதைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி, கிரைண்டரை ஓரமாக மட்டும் தள்ளியிருக்கிறார். வடை மாவு பற்றவில்லை என்றதும், கூடமாட உதவ வந்த யாரோ ஒரு நல்ல மனுஷர், சும்மா நிற்கிறதே என்று அதை இழுத்து வந்து செருகிவிட்டார். ஒருத்தர் மனசிலும் கெட்ட எண்ணம் கிடையாது.

லேசாகக் கடித்தால் ட்ரிப்பர் விழாது, பிள்ளைகளே. விழுந்தது என்றால், அவன் அந்தத் தடவை லேசாகக் கடிக்க வரவில்லை. பேச்சியம்மாளுக்கும் அது புரிந்துவிட்டது. மாவுக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நானும் அவள் பக்கத்தில் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன். நல்ல பட்டுச் சேலை. அவளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அவள்தான் என் முதுகைத் தடவி, "அழாதீய டீச்சர், அதான் விட்டுட்டுல்லா" என்று எனக்குத் தைரியம் சொன்னாள். என் ரவிக்கை முழுக்க உளுந்து மாவு.

அண்ணாச்சி வந்தார். கிரைண்டரைப் பார்த்தார். சுவரில் செருகியிருந்த வயரைப் பார்த்தார். காய் நறுக்குகிற கத்தியை எடுத்துக்கொண்டு வயரை வெட்டக் குனிந்தார்.

"பிளக்கப் பிடுங்கிட்டு வெட்டுங்க அண்ணாச்சி!"

அழுகையோடு அழுகையாக அதையும் கத்தினேன். பிடுங்கினார், வெட்டினார், பிளக்கைக் கிணற்றுப் பக்கம் விட்டெறிந்தார். பிறகு பேச்சியம்மாளைப் பார்த்துக் கைகூப்பினார். அவள் பதறிப்போய், "ஐயோ, நீங்க என்ன அண்ணாச்சி" என்று எழுந்துவிட்டாள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பேச்சியம்மாள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போர்டுக்கு வந்தாள். "டீச்சர், அந்தப் பொத்தான நான் ஒருக்கா அமுக்கிப் பாக்கட்டா?" என்றாள். அமுக்கினாள். டப்! வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உடனே சமையல்காரப் பெண்கள் ஒவ்வொருத்தராக வந்தார்கள். டப், டப். சாப்பிட்டுக் கைகழுவ எழுந்த காளி, என்ன கூட்டம் என்று கேட்டு, தன் அட்டைக் கைகளை ஒதுக்கிவிட்டு நிஜக் கையை நீட்டி அவரும் ஒரு அமுக்கு அமுக்கினார். போதும், பெட்டி தாங்காது என்று நான்தான் வரிசையைக் கலைத்தேன்.

கடைசியில் மதினி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்கள். போர்டின் மேல் சட்டத்தில், பொத்தானுக்கு நன்றாகத் தள்ளி, விரலை வைத்துக் காட்டினார்கள்.

"இங்கன வைக்கலாமா டீச்சர்?"

"தாராளமா வைங்க மதினி."

எனக்கும் இலை போட்டார்கள். காளிக்கும் போலீசுக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டேன். வடை பாதிதான் கிடைத்தது. நல்ல நேரம் தாண்டிய பிறகு அண்ணாச்சி ஏசி ஸ்விட்சைப் போட்டார், அதை ஒருவரும் கவனிக்கவில்லை. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டுத்தான் காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். அதில் அடுக்களையைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. ஆபீசில் அந்த ஸ்பேருக்காக என்னைக் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். சண்டை போட்டேன், ஜெயித்தேன்.

உங்களிடம் இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? 'லேசாக் கடிக்கும், பழகிட்டு' என்று யாராவது சிரித்துக்கொண்டு சொன்னால், கையில் இருக்கிற வேலையைக் கீழே போடுங்கள். அது உங்கள் காகிதத்தில் இருக்கிறதா என்று அப்புறம் பார்க்கலாம். ஓரமாகத் தள்ளி வைத்த சாமான் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிடும், அதனால் வெட்டச் சொன்னால் வெட்டி முடிக்கிற வரை பக்கத்தில் நில்லுங்கள். ஊர் வழக்கத்தோடு மோதாதீர்கள், அதை உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் அங்கேயே ஒருத்தர் இருப்பார், அவர் வருகிற வரைக்கும் போர்டுக்கு முன்னால் நின்று பிடியுங்கள். நின்று பிடிப்பதற்குக் குடை ரொம்ப உதவும்.

நான் ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிறேன். மண்டபத்தில் இப்போது மாதா மாதம் அந்தப் பொத்தானை அமுக்குகிறார்கள். ஆயுத பூஜையன்று மட்டும் காலையில் என் போன் அடிக்கும். எடுத்தால் 'ஹலோ' கிடையாது. முதலில் டப்பென்று ஒரு சத்தம் கேட்கும். அப்புறம் பேச்சியம்மாளின் குரல்.

"கேட்டுச்சா டீச்சர்?"

"கேட்டுச்சும்மா."

"சரி, அப்பம் பொட்டு வச்சிக்கிடுதோம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள்.